ஏணி சுவரை விடும் உயரம்

ஐந்து மீட்டர் நீள ஏணி ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதன் அடியை வினாடிக்கு ஒரு மீட்டர் என்ற மாறாத வேகத்தில் சுவரிலிருந்து விலக்கி இழுக்கிறார்கள். மேல்நுனி சுவரை ஒட்டியபடியே கீழே இறங்குகிறது. அது தரையைத் தொடும் கணத்தில் அதன் வேகம் என்ன?

முதல் பருவ நுண்கணிதத் தேர்வில் மூன்றாம் கேள்வியின் கடைசிப் பகுதி இது. ஐந்து மதிப்பெண். வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் 'முடிவிலி' என்று எழுதி ஐந்தையும் வாங்கினோம். சோல்வே ஹமூன்கா மட்டும் 'ஏணி அப்படி விழாது' என்று எழுதிப் பூச்சியம் வாங்கினாள்.

முடிவிலி எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சுவர், தரை, ஏணி மூன்றும் சேர்ந்தால் ஒரு செங்கோண முக்கோணம். அடி சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை நுனியின் உயரத்தால் வகுத்து, அதை அடியின் வேகத்தால் பெருக்கினால் நுனி இறங்கும் வேகம் கிடைக்கும். வகையிடத் தெரிந்த எவரும் மூன்று வரியில் இதைக் கொண்டுவந்துவிடலாம். அடி மூன்று மீட்டரில் இருந்தால் நுனியின் உயரம் நான்கு. வேகம் முக்கால் மீட்டர். அடி நான்குக்கு வந்தால் உயரம் மூன்று. வேகம் ஒன்றேகால் மீட்டரைத் தாண்டுகிறது. இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. நுனி ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு வரும்போதோ வேகம் வினாடிக்கு ஐந்நூறு மீட்டர். ஏணி ஒலியை முந்திவிட்டது. முடியிழை உயரத்துக்கு வந்தால் ராக்கெட்டையும் முந்திவிடும். உயரம் பூச்சியம் என்றால் பூச்சியத்தால் வகுக்க வேண்டும். அதைத்தான் முடிவிலி என்று எழுதினோம்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டில் சேரும்போது எல்லோரும் வெறும் அறிவியல் மாணவர்கள்தான். கணக்கின் இன்டர்னலில் அறுபது எடுத்தவர்களுக்கு மட்டுமே பொறியியல் கதவு திறக்கும். சோல்வேயிடம் இருந்தது ஐம்பத்தேழு. அந்த ஐந்து கிடைத்தால் அவள் பொறியாளர். கிடைக்காவிட்டால் இல்லை.

விடைத்தாள் கொடுத்த அன்றே அவள் வகுப்பில் எழுந்து நின்றாள். கரும்பலகை முன்னால் எங்கள் கணித ஆசிரியர் டாக்டர் சிட்டாலி, கழுத்துப்பட்டை கொஞ்சமும் கோணாமல் நின்றுகொண்டிருந்தார்.

"டாக்டர், ஒரு சந்தேகம். இந்த ஏணியை எங்க வாங்குனீங்க? சத்தத்தைவிட வேகமா விழுற ஏணி நம்ம நாட்டுல எந்தக் கடையில விக்குது?"

வகுப்பு சிரித்தது. அவர் நிதானமாகத் திரும்பினார்.

"உக்காரும்மா. அது கணக்கு."

"லோசிக்காரங்க படகுலயே வளந்தவங்க. ஏணியைப் பாத்திருக்க மாட்டீங்க. அதான் கேட்டேன்."

வேறு யார் இப்படிப் பேசியிருந்தாலும் பதிவாளர் அலுவலகத்தில்தான் முடிந்திருக்கும். ஆனால் சோல்வே மாடு வளர்க்கும் டோங்கா இனம், அவர் ஆற்றில் மீன் பிடிக்கும் லோசி இனம். எங்கள் நாட்டில் இந்த இரண்டு இனமும் ஒன்றுக்கொன்று கேலிமுறை. முறைக்காரர் எவ்வளவு சீண்டினாலும் கோபப்படக் கூடாது, பதிலுக்குச் சீண்டலாம். நான் பெம்பா, என் அறைத்தோழன் ஜெரே இங்கோனி. எங்களுக்குள்ளும் அதே முறைதான். பெம்பாக்காரன் குரங்கு தின்பவன் என்று அவன் தொடங்காமல் எங்கள் காலைத் தேநீர் முடிந்ததில்லை.

டாக்டர் சிட்டாலியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "மாட்டு வால் பின்னாடியே நடந்து பழகுன ஆளுங்களுக்கு வேகம்னா என்னன்னு புரியிறது கஷ்டம்தான்." சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "கேலிக்கு மார்க் கிடையாது. திருத்தம் எழுதிக் கொடு. எல்லாருக்கும் உள்ள சலுகைதான். 'இன்ஃபினிட்டி'ன்னு ஒரே ஒரு வார்த்தை எழுது, மூணு மார்க் போடறேன். அறுபது ஆயிடும். இன்ஜினியரிங் போயிடலாம்."

"எழுத மாட்டேன் டாக்டர்."

"ஏன்?"

"பொய்."



அவர் சுண்ணக்கட்டியை மேசையில் வைத்தார். "சரி. அப்ப எப்படி விழும்? எவ்வளவு வேகத்துல? 'இல்லை'ன்னு சொல்றது விடை இல்ல. எண்ணைக் கொண்டா. வெள்ளிக்கிழமை மார்க் பட்டியல் ஒட்டறதுக்குள்ள கொண்டுவந்தா அஞ்சும் உனக்கு. இல்லைன்னா அந்தப் பூச்சியம் அப்படியே இருக்கும்."

அவர் நியாயமாகத்தான் கேட்டார். சிக்கலும் அதுதான். ஏணி அப்படி விழாது என்பது சோல்வேக்குத் தெரியும். எப்படி விழும் என்பது தெரியாது.

எங்கள் படிப்புக் குழு மூன்று பேர்: அவள், ஜெரே, நான். விரிவுரை இல்லாத வகுப்பறையைப் பிடித்து, கரும்பலகையை நிரப்பி அழிப்பதுதான் எங்கள் வேலை. அன்று மாலையும் அப்படித்தான். அவள் நான்கு முறை சமன்பாட்டை எழுதினாள். நான்கு முறையும் அது முடிவிலிக்கே போனது.

"கபாஸோ, நீ சொல்லு. எந்த வரி தப்பு?"

"எந்த வரியும் தப்பில்ல," என்றேன். "பித்தகோரஸ் சரி. வகையிட்டது சரி."

"எல்லா வரியும் சரி, விடை மட்டும் பைத்தியக்காரத்தனம். அது எப்படி?"

ஜெரே பொரித்த மாவுருண்டையைக் கடித்தபடி சொன்னான்: "ஏய் சோல்வே, அந்த வார்த்தையை எழுதிட்டு வாயேன். இன்ஃபினிட்டி. பத்து எழுத்துகூட வராது. நீ கேள்வியே தப்புன்னு நிரூபிச்சா அவர் எங்க அஞ்சு மார்க்கையும் சேத்துப் பிடுங்கிட்டா? எனக்கு அறுபத்தொண்ணுதான் இருக்கு."

"உன் மார்க்கை நான் ஏன்டா தொடப்போறேன்?"

"நீ தொட மாட்ட. அந்த மீன்காரர் தொடுவார்."

"அவர் என் முறைக்காரர். நான்தான் மீன்காரர்னு சொல்லணும். நீ சொல்லாத," என்றாள் அவள். கோபத்திலும் வரம்பு தவறாதவள்.

விடை மறுநாள் மதியம் நுழைவாயிலில் கிடைத்தது. எங்கள் வாயிலில் தடுப்புக்கு ஒரு நீண்ட இரும்புக் குழாய். ஒரு முனை கீலில் மாட்டியிருக்கும். வண்டி போனதும் காவலர் மறுமுனைப் பக்கம் கையைக் கொடுத்துத் தாங்கி, மெதுவாக இறக்குவார். நாங்கள் சாலை கடக்கக் காத்திருந்தோம். உள்ளே போன ஒரு லாரியின் பின்னாலேயே இன்னொரு வண்டி ஒட்டிக்கொண்டு நுழையப் பார்த்தது. காவலர் "ஏய்!" என்று கத்தி, கையைச் சட்டென்று கீழே எடுத்துவிட்டார்.

கை முன்னால் போனது. குழாய் பின்னால் வந்தது. நடுவில் ஓர் இடைவெளி தெரிந்தது. பிறகுதான் 'டங்' என்ற சத்தம்.

கடக்கத் தொடங்கியிருந்த சோல்வே சாலையின் நடுவிலேயே நின்றுவிட்டாள்.

"பாத்தியா? கை குழாயை விட்டுடுச்சு."

"கையை எடுத்தா விடத்தானே செய்யும்?"

"இல்ல கபாஸோ. மெதுவா எடுத்தா விடாது. குழாய் கைமேலயே உக்காந்து வரும். அது விழக்கூடிய வேகத்தைவிட வேகமா கை இறங்குனாதான் விடும்." பின்னால் வந்த வண்டி ஒலிப்பானை அடித்தது. அவள் நகரவில்லை. "சுவர்தான் கை."

இதுதான் விஷயத்தின் உயிர், எனவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சாய்ந்து நிற்கும் ஏணியைச் சுவர் தள்ள மட்டும்தான் முடியும், இழுக்க முடியாது. ஏணி கீழே விழப் பார்க்கிறது. சுவர் நுனியை வெளியே தள்ளி, 'இவ்வளவு அவசரம் வேண்டாம்' என்று தடுக்கிறது. அந்தத் தடுப்பால்தான் நுனி சுவரோடு ஒட்டி, முக்கோணம் முக்கோணமாகவே இருக்கிறது. ஆனால் நுனி கீழே வர வர, முக்கோணம் ஏணியிடம் கேட்கும் அவசரம் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் அது, புவியீர்ப்பு தரக்கூடிய அவசரத்தைத் தாண்டிவிடும். அந்த இடத்தில் ஏணியை வேகமாக இறக்க வேண்டுமென்றால் சுவர் அதைப் பிடித்து இழுக்க வேண்டும். சுவருக்குக் கை கிடையாது. நுனி சுவரை விட்டு விலகிவிடும். முக்கோணம் அத்தோடு முடிந்தது. எங்கள் சமன்பாட்டில் எந்த வரியும் தப்பில்லை. முக்கோணம் இல்லாமல் போன பிறகும் அதை ஓட்டிக்கொண்டிருந்ததுதான் தப்பு.

எந்த உயரத்தில் விலகும்? அதற்கு இரண்டு அவசரங்களையும் சமமாக வைக்க வேண்டும். முக்கோணம் கேட்பதை அறிய, அவள் சமன்பாட்டை இன்னொரு முறை வகையிட்டாள். புவியீர்ப்பு தருவதை, பக்கத்துக் கட்டடத்தில் நடந்துகொண்டிருந்த இயக்கவியல் பாடத்திலிருந்து எடுத்தாள்: ஒரு முனையில் கீல் போட்ட கம்பி விழும் கணக்கு. இரண்டையும் சமன் செய்ததும் ஏணியின் எடை அடிபட்டுப் போனது. மிஞ்சியதில் உயரத்தின் முப்படி ஒன்று புள்ளி ஏழு என்று வந்தது. கால்குலேட்டரைத் தட்டினோம். ஒன்று புள்ளி ஒன்று ஒன்பது மீட்டர்.

ஜெரே மாவுருண்டையைக் கீழே வைத்தான். "எடையே வேண்டாமா? இரும்பு ஏணி, மூங்கில் ஏணி எல்லாத்துக்கும் ஒரே உயரமா?"

"ஒரே நீளம், ஒரே வேகம்னா ஒரே உயரம்தான்."

"அப்ப போய்க் காட்டு அவர்கிட்ட."

"தாள்ல காட்டுனா தாள்லதான் சண்டை போடுவார். நான் சுவர்ல காட்டப்போறேன்."

ஆசிரியர்கள் எல்லோரும் தேநீருக்குக் கூடியிருந்த நேரம் பார்த்து அவள் கணிதத் துறைக்குப் போனாள். வாசலிலேயே நின்று, தலையைக் குனிந்து, கையைத் தட்டினாள். துக்கம் சொல்ல வருபவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"முறைக்காரரே, துக்கச் செய்தி கொண்டுவந்திருக்கேன். உங்க ஏணி செத்துப்போச்சு."

யாரோ தேநீரில் புரையேறி இருமினார்கள்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு, உங்க துறைக்குப் பின்பக்கச் சுவர்ல அடக்கம். டோங்கா எடுத்து நடத்துற சாவுக்குக் குழி தோண்ட வேண்டியது லோசிக்காரங்க. நீங்க வராம நாங்க புதைக்க முடியாது."

கேலிமுறையில் எதையும் தட்டிக்கழிக்கலாம். சாவுக்கு அழைத்ததைத் தட்டிக்கழிக்க முடியாது. வராத முறைக்காரரை ஊர் வருடக்கணக்கில் சொல்லிச் சிரிக்கும். டாக்டர் சிட்டாலி கோப்பையை வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"சாப்பாடு உண்டா?"

"நீங்க மீன் கொண்டுவந்தா உண்டு."

"வர்றேன்."

அந்தப் பின்பக்கச் சுவர் பட்டமளிப்பு விழாவுக்காக அப்போதுதான் வண்ணம் பூசப்பட்டது. கீழே மார்பளவு வரை பச்சை, மேலே பளிச்சென்ற வெள்ளை. வேறு சுவர் பார்க்கலாமே என்றேன். "வெள்ளைச் சுவர்லதான் நல்லாத் தெரியும்," என்று சொல்லிவிட்டாள்.

பராமரிப்புக் கிடங்கிலிருந்து ஐந்து மீட்டர் அலுமினிய ஏணி. கட்டடவியல் ஆய்வகத்திலிருந்து நான்கு சக்கரத் தள்ளுவண்டி. அதன் பலகைமேல் அவர்கள் சோதித்து உடைப்பதற்காக வார்த்த கான்கிரீட் கட்டிகளை அடுக்கினோம். கனமான வண்டியை ஏணி தள்ளினாலும் இழுத்தாலும் வேகம் மாறாது, அதற்காகத்தான். ஏணியின் அடியை வண்டிப் பலகையின் சுவர்ப்பக்க ஓரத்தில் கயிற்றால், கீல் மாதிரி அசையும்படி கட்டினோம். நுனியில் செம்மண்ணைக் குழைத்துக் கெட்டியாக அப்பினாள் சோல்வே. தரையில் மீட்டருக்கு ஒரு சுண்ணக்கோடு. ஏணி விழும் இடத்தில் ஜெரேயின் மெத்தை.

"என் மெத்தை கிழிஞ்சா?"

"இந்தக் குரங்கு திங்கிறவன் கட்டில்ல படுத்துக்கோ," என்றேன்.

டாக்டர் சிட்டாலி பத்து மணிக்கு வந்தார். கழுத்துப்பட்டை கட்டியிருந்தார், கையில் நிஜமாகவே ஒரு மண்வெட்டி. வகுப்பில் பாதிக்கு மேல் கூடியிருந்தது. மண்வெட்டியைப் பார்த்ததும் கூட்டம் குலவையிட்டது.

"ஜெரே வினாடிக்கு ஒரு கைதட்டு தட்டுவான்," என்றாள் சோல்வே. "நீங்க வண்டியை இழுக்கணும். ஒரு தட்டுக்கு ஒரு கோடு தாண்டணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"நானா?"

"உங்க ஏணி. உங்க வேகம். நான் இழுத்தா ஏமாத்திட்டேன்னு சொல்லுவீங்க."

அவர் மண்வெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார். "என் சமன்பாடு சரின்னா செம்மண் கோடு கடைசிவரைக்கும் இறங்கணும். சரிதானே?"

"சரி. என் கணக்கு சரின்னா ஒண்ணு புள்ளி ஒண்ணு ஒன்பதுல நின்னுடணும்."

முதல் இரண்டு முறை அவர் நடை சீராக வரவில்லை. ஏணியைத் திரும்ப நிறுத்தினோம். மூன்றாம் முறை ஜெரேயின் தட்டும் அவருடைய காலடியும் ஒன்றாக விழுந்தன. ஏணி வெள்ளைச் சுவரில் சிவப்புக் கோடு கிழித்தபடி இறங்கியது. முதலில் மெதுவாக, பிறகு விரைவாக. அப்புறம் கோடு இல்லை, சத்தம் மட்டும். மெத்தை வாய் பிளந்து பஞ்சைக் கக்கியது.

எல்லோரும் சுவரைப் பார்த்தோம். சிவப்புக் கோடு பச்சையைத் தொடவே இல்லை. அதற்குக் கையகல உயரத்திலேயே, வெள்ளையில், சட்டென்று நின்றிருந்தது.

கூட்டம் கத்தியது. டாக்டர் சிட்டாலி கத்தவில்லை. சட்டைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து, தரையிலிருந்து கோட்டின் முனை வரை தானே அளந்தார்.

"ஒண்ணு புள்ளி நாலு மூணு," என்றார். "நின்னுடுச்சு, ஒத்துக்கறேன். ஆனா நீ சொன்னது ஒண்ணு புள்ளி ஒண்ணு ஒன்பது. இருபத்துநாலு சென்டிமீட்டர் வித்தியாசம். உன் பாலத்துல இருபத்துநாலு சென்டிமீட்டர் தப்புனா மாடு ஆத்துல விழும் சோல்வே. எண்ணைக் கொண்டான்னுதான் கேட்டேன்."

யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். சோல்வே கோட்டைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். மறுநாள் வெள்ளி, மதிப்பெண் பட்டியல் ஒட்டும் நாள்.

"எழுதிடு," என்று ஜெரே அவள் காதருகே சொன்னான். இப்போது அவன் குரலில் கேலி இல்லை. "மூணு மார்க் போதும் உனக்கு."

"மாட்டேன்."

அவள் விழுந்துகிடந்த ஏணியின் நுனியிலிருந்து அடி வரை மெதுவாக நடந்துபோனாள். அடியில் குந்தி உட்கார்ந்தாள். கயிற்றுக் கட்டைத் தொட்டாள். பிறகு கட்டுக்குக் கீழே, தரைக்கும் அதற்கும் இடையே, விரல்களை விரித்து வைத்தாள். எழுந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள்.

"முறைக்காரரே, அளவுநாடாவைக் கொடுங்க. நீங்க எங்கயிருந்து அளந்தீங்க?"

"தரையிலிருந்து."

"ஏணிக்குத் தரை எது? அதோட கால் எங்க நிக்குது?"

டாக்டர் சிட்டாலி வண்டியைப் பார்த்தார்.

"வண்டிப் பலகைமேல நிக்குது. ஏணியைப் பொறுத்தவரைக்கும் அந்தப் பலகைதான் தரை. முக்கோணம் அங்கதான் ஆரம்பிக்குது." பலகையின் உயரத்தை அவரே படிக்கும்படி நாடாவைப் பிடித்தாள்.

"இருபத்துமூணு," என்றார் அவர். மனத்துக்குள் கழித்தார். எல்லோரும் கூடவே கழித்தோம். ஒன்று புள்ளி இரண்டு பூச்சியம்.

"ஒரு சென்டிமீட்டர் செம்மண் தடிப்பு," என்றாள் சோல்வே. "அதை என் கணக்குல பிடிச்சுக்கோங்க."

அவர் அளவுநாடாவை வாங்கிச் சுருட்டினார். பிறகு என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, ஏணியின் பக்கத்தில் நட்டார். "அடக்கம் முடிஞ்சுது. வருஷாவருஷம் இந்தக் கேள்வியைக் கேட்டுட்டிருந்தேன். யாரும் எதுத்துக் கேக்கல."

"எங்க அஞ்சு மார்க், டாக்டர்?" என்றான் ஜெரே, தாங்க முடியாமல்.

"உங்களுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். தப்பு என் கேள்வியில. அவளுக்கும் அஞ்சு." சட்டைப்பையில் துழாவி ஒரு சுண்ணக்கட்டியை எடுத்து சோல்வேயிடம் நீட்டினார். "வகுப்புக்கு வா. விடைக்குறிப்புல நான் எழுதப்போறதை நீயே பலகையில எழுது. கேலி இல்லாம."

"சுவரைத் துடைக்கணுமா?"

"விடு. இருக்கட்டும்."

நாங்கள் எல்லோரும் அவள் பின்னால் வகுப்பறைக்குப் போனோம். அறுபத்திரண்டு மதிப்பெண் பெற்ற சோல்வே ஹமூன்கா கரும்பலகையின் இடது மூலையிலிருந்து, அவசரமே இல்லாமல் எழுதினாள்:

நுனி சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரைதான் முக்கோணச் சமன்பாடு செல்லும். ஐந்து மீட்டர் ஏணியின் அடியை வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இழுத்தால், நுனி, அடி இருக்கும் மட்டத்திலிருந்து 1.19 மீட்டர் உயரத்தில் சுவரை விட்டுவிடும். அதன் பிறகு ஏணி, அடியில் கீல் போட்ட கம்பியைப் போல விழும். அடி இருக்கும் மட்டத்துக்கு வரும்போது நுனியின் வேகம் வினாடிக்கு 7.3 மீட்டர்.